போலீஸ் மலையேறி வரும் வரை

இந்த மாதப் பயிற்சி வட்டத்துக்கு எடுத்திருக்கும் தலைப்பைக் கேட்டதும் உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள். வேலையிடத்திலோ கோயிலிலோ பள்ளியிலோ ஒருவன் துப்பாக்கியோடு புகுந்து கண்ணில் பட்டவரையெல்லாம் சுட ஆரம்பித்தால் நாம் என்ன செய்வது? "இதெல்லாம் அமெரிக்காவுல நடக்குற விஷயம்பா. குளிர்ல தேயிலை வெட்டுற எடத்துல யாரு துப்பாக்கி தூக்கப் போறான்?" என்று லயத்துப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது லேசான காரியம் இல்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும். குற்றம் செய்யத் துப்பாக்கியைப் பயன்படுத்துகிறவனுக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் மிகக் கடுமையான தண்டனை வைத்திருக்கிறது. அதனால்தான் இங்கே இப்படிப்பட்ட சம்பவம் அபூர்வம்.

ஆனாலும் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு என்பது நம் தாத்தா பாட்டி காலத்தில் கேள்விப்படாத ஒன்றல்ல. 1948 ஜூன் 16 காலையில் பேராக், சுங்கை சிப்புட்டில் உள்ள எல்ஃபில் தோட்டத்துக்கு வந்தவர்கள், ஆர்தர் வாக்கர் என்ற துரையை அவருடைய ஆபீசிலேயே சுட்டுக் கொன்றார்கள். அதே காலையில் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இன்னும் இரண்டு வெள்ளைக்கார நிர்வாகிகள் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் அமலுக்கு வந்தது. 1951 அக்டோபர் 6ஆம் தேதி பிரேசர் மலைக்குப் போகும் சாலையில் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி பதுங்கியிருந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றைய காரணம் வேறு, அரசியல் வேறு. அதை இன்றைய நிலைமையோடு குழப்ப வேண்டாம். இன்றும் மாறாமல் இருப்பது இடத்தின் அமைப்பு. தோட்டம் என்பது ஒதுக்குப்புறம், உள்ளே வர ஒரே பாதை, உதவி தூரத்தில். நம் பாடத்துக்கு வேண்டியது அதுதான்.

யார் வருவான்?

சினிமா பார்த்துப் பார்த்து, முகமூடி போட்ட பயங்கரவாதி ஒருவனைத்தான் நம் மனம் உடனே கற்பனை செய்கிறது. நம் நாட்டில் அண்மையில் நடந்ததைப் பாருங்கள். 2024 ஏப்ரல் 14 அதிகாலை, கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் முதல் முனையத்தில், பயணிகள் வெளியே வரும் கூடத்தில் ஒருவன் சுட்டான். அவனுடைய குறி அவன் மனைவி. குண்டடி பட்டது அந்த அம்மாவின் மெய்க்காப்பாளருக்கு. மறுநாள் கோத்தா பாருவில் ஆள் பிடிபட்டான். அடுத்த மாதம், மே 17 அன்று, ஜொகூர் உலு திராம் போலீஸ் நிலையத்துக்குப் பாராங்கோடு வந்த ஒருவன் ஒரு போலீஸ்காரரை வெட்டி, அவருடைய துப்பாக்கியையே பறித்துச் சுட்டான். இரண்டு போலீஸ்காரர்கள் உயிரிழந்தார்கள். முதல் சம்பவம் குடும்பச் சண்டை பொது இடத்துக்கு வந்தது. இரண்டாவதில் தாக்குதல் ஆரம்பித்தது பாராங்கில். நம் தோட்டங்களில் பாராங் இல்லாத வீடு எது? ஆகவே கீழே சொல்லப்போகும் பெரும்பாலானவற்றை, கத்தி தூக்கி வருகிறவனையும் மனதில் வைத்தே படியுங்கள்.

எஃப்.பி.ஐ. 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, இப்படிச் சுட்ட 63 பேரின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தது. சராசரியாக ஒவ்வொருவரிடமும் கவலைப்பட வேண்டிய நான்கைந்து அடையாளங்களைச் சுற்றியிருந்தவர்கள் முன்கூட்டியே கண்டிருக்கிறார்கள். மனம் உடைந்துபோனது, வேலையிடத்தில் தீராத சண்டை, "ஒரு நாளைக்குப் பாருங்கடா" என்பது மாதிரியான பேச்சு, இப்படி. ஆனால் பாதிக்கும் குறைவானவர்கள் விஷயத்தில்தான் அது போலீஸ் காதுக்குப் போயிருக்கிறது. மற்றவர்களிடம் யாராவது நேரில் பேசிப் பார்த்திருக்கிறார்கள், அல்லது சும்மா இருந்திருக்கிறார்கள்.

லயத்து வாழ்க்கையில் ஒரு பலம் உண்டு. யார் வீட்டில் என்ன சத்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அதுவே பலவீனமும் ஆகிவிடுகிறது, ஏனென்றால் தெரிந்தும் "அது அவங்க குடும்ப விஷயம்" என்று விட்டுவிடுகிறோம். குடிபோதையில் மனைவியைக் கொல்வேன் என்று மிரட்டுகிறவன், நாளைக்குக் காலையில் அவள் எங்கே இருப்பாள் என்று தெரிந்தவன். பெரட்டு எத்தனை மணிக்கு, அவள் எந்தக் காட்டில் வேலை, எந்த லாரியில் ஏறுவாள், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, சமூக நல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்க வழி வந்தது. அந்த ஆணை ஏழு நாள் செல்லும். கோர்ட்டுக்குப் போகக் காத்திருக்க வேண்டியதில்லை. தாலியான் காசே 15999 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். இந்த எண்ணைத் தன் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கும் தங்கைகள் நம் கிளையில் எத்தனை பேர்? அப்படி ஆணை வாங்கிய பெண் நம் தோட்டத்தில் இருந்தால், அவருடைய சம்மதத்தோடு மேனேஜருக்கும் கேட் காவலாளிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆளின் படம், மோட்டார் நம்பர், இரண்டும் காவல் கொட்டகையில் இருக்க வேண்டும். வேலையிடப் பாதுகாப்பு என்றால் கேமராவும் முள்வேலியும் என்று நினைக்கிறோம். என் கணக்கில் முதல் வேலி இதுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பாடத்தைக் கேட்டுவிட்டு வங்காளதேசி, நேப்பாளி, மியன்மார்த் தொழிலாளர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தால் பாடமே வீண். மேலே சொன்ன அடையாளங்களில் நாடும் இல்லை, நிறமும் இல்லை. ஆபத்து வந்தால் நம் அறிவிப்பு புரியாமல் நடுவில் நிற்கப் போகிறவர்களும் அவர்கள்தான்.

ஐந்து நிமிடம்

அமெரிக்காவில் 2000 முதல் 2013 வரை நடந்த இப்படிப்பட்ட 160 சம்பவங்களை எஃப்.பி.ஐ. ஆராய்ந்தது. எவ்வளவு நேரம் நீடித்தது என்று கணக்கிட முடிந்தவை 63. அதில் 44 சம்பவங்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. அந்த 44இல் 23, இரண்டே நிமிடத்துக்குள் முடிந்தவை. அங்கே ஊருக்கு ஊர் ஆயுதம் தாங்கிய போலீஸ். அப்படியிருந்தும் போலீஸ் வருவதற்குள் பல சம்பவங்கள் முடிந்துபோயின.

இப்போது நம் மலையை நினைத்துப் பாருங்கள். தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறத்தாழ 60 கிலோமீட்டர், முழுக்க வளைவு. அந்தப் பக்கம் சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வழியாக ஏறினாலும் கதை அதேதான். மேலே போலீஸ் நிலையம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய சாலையிலிருந்து தோட்டத்துக்குள் இறங்கும் பாதை ஒரு கார் போனால் இன்னொரு கார் ஒதுங்க வேண்டிய பாதை. பள்ளி விடுமுறையில், சனி ஞாயிறில், பிரிஞ்சாங் பக்கம் கார் நகராத நிலைமை உங்களுக்கே தெரியும். கூடுதல் படை கீழிருந்துதான் ஏறி வர வேண்டும். மூடுபனி, மழை, நிலச்சரிவு என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 2024 ஜனவரியில் புளூ வேலியில் மண் சரிந்து மியன்மார்த் தொழிலாளர்கள் ஐந்து பேர் புதையுண்டு இறந்தார்கள். அந்த மாதிரி நேரத்திலும் முதலில் கை கொடுக்கக்கூடியவர்கள் பக்கத்தில் இருப்பவர்கள்தான். முதல் ஐந்து நிமிடம் நம் கையில் இருக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில் உட்கார்ந்து யோசிக்க முடியாது. முன்னாலேயே யோசித்து வைத்ததைத்தான் செய்ய முடியும். அப்படிச் செய்தவர்கள் சிலரைப் பார்ப்போம்.

கதவை மூடியவரும் மைக் பிடித்தவரும்

2002 செப்டம்பர் 24, குஜராத் காந்திநகர். அக்ஷர்தாம் ஆலய வளாகத்துக்குள் பிற்பகலில் துப்பாக்கியும் வெடிகுண்டும் கொண்டு இரண்டு பேர் நுழைந்து சுட ஆரம்பித்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கமாண்டோக்கள் மறுநாள் காலையில்தான் அந்த இருவரையும் வீழ்த்தினார்கள். இறந்தவர்களின் எண்ணிக்கை பெரியது. அது இன்னும் பெரிதாகாமல் தடுத்த ஒரு காரியத்தை மட்டும் நம் ஆலயப் பொறுப்பாளர்கள் கவனிக்க வேண்டும். சுடும் சத்தம் கேட்டதும் ஆலய மேற்பார்வையாளர் ஒருவர் அலுவலகத்துக்குத் தகவல் சொன்னார். ஊழியர்கள் ஓடிப்போய் முதன்மைச் சன்னிதியின் 15 அடி உயரக் கதவுகளை இழுத்துச் சாத்தினார்கள். உள்ளே கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தப்பினார்கள். அவர்கள் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. எந்தக் கதவை யார் மூட வேண்டும் என்ற தெளிவு இருந்தது, தகவல் சொல்ல ஒரு வழி இருந்தது.

நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அந்தக் கதவு எது? இரும்புக் கம்பிக் கதவென்றால் அது ஆளைத் தடுக்கும், குண்டைத் தடுக்காது. மூலஸ்தானத்துக்குப் பக்கத்தில் சிமெண்டுச் சுவரோடு மரக்கதவு உள்ள ஸ்டோர் இருக்கலாம். பூட்டுச் சாவி பூசாரியிடமா, தலைவர் வீட்டிலா? தலைவர் ஈப்போவுக்குப் போயிருந்தால்?

பின்வாசலையும் மறக்கக்கூடாது. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரை ஒரே ஒருவன் கொன்றான். வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம். அல் நூர் பள்ளிவாசலில் அவசர வாசல் கதவு அந்த நேரத்தில் ஏன் திறக்கவில்லை என்பது பிறகு நடந்த மரண விசாரணையில் ஒரு பெரிய கேள்வியாக எழுந்தது. திருவிழா நாளில் நம் கோயில்களில் செருப்பு, நாற்காலி, அன்னதானப் பாத்திரம், எல்லாவற்றையும் பின்வாசலை அடைத்துத்தான் அடுக்குகிறோம். திருட்டுப் பயத்தில் பூட்டும் போட்டுவிடுகிறோம். உள்ளிருந்து யாரும் சாவியில்லாமல் திறக்கும்படி ஒரு தாழ்ப்பாள் போட்டால் திருட்டும் தடுக்கப்படும், உயிரும் தப்பும். கமிட்டிக் கூட்டத்தில் இளைஞர்கள் எழுந்து கேட்க வேண்டிய விஷயம் இது.

2008 நவம்பர் 26 இரவு மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் நடந்தது இன்னொரு பாடம். கூட்டம் நிறைந்த கூடத்தில் இரண்டு பேர் சுட்டார்கள். அந்த நிலையத்தில் மட்டும் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அறிவிப்பு அறையில் இருந்த விஷ்ணு ஜெண்டே என்ற ஊழியர் மைக்கை விடவில்லை. எந்தப் பக்கம் வரக்கூடாது, எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருடைய அறையைப் பார்த்தும் சுட்டார்கள். அவர் சொன்ன வழியில் போய்ப் பிழைத்தவர்கள் ஏராளம். அவர் வேலையே அறிவிப்புதான். அந்த நிலையத்தின் வாசல்களும் நடைமேடைகளும் அவருக்கு மனப்பாடம்.

நம்ம எஸ்டேட்டில் ஒலிபெருக்கி இருக்கும் இடம் கோயில்தான். அதிகாலையில் பக்திப் பாட்டுப் போடுகிற அதே மைக். அதை அவசர அறிவிப்புக்கும் பயன்படுத்த ஆலயத்தோடு பேசி வையுங்கள். என்ன சொல்வது என்று ஓர் அட்டையில் எழுதி ஆம்ப்ளிபையர் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். "ஆபத்து. துப்பாக்கிச் சூடு. பெக்டரி பக்கம் வராதீங்க. வீட்டுக்குள்ள போயி கதவைச் சாத்துங்க." இவ்வளவுதான். இதையே மலாய், வங்காளம், நேப்பாளி என்று உங்கள் தோட்டத்தில் பேசப்படும் மொழிகளில், நம் எழுத்திலேயே ஒலிபெயர்த்து எழுதி வைக்கலாம். அந்தந்த மொழி பேசும் தொழிலாளரிடமே கேட்டு எழுதுங்கள். ஒரு தேத்தண்ணி செலவு, அவ்வளவுதான்.

தீ விபத்துக்கு அடிக்கும் சைரனை இதற்கு அடிக்காதீர்கள். தீப்பயிற்சியில் எல்லோரையும் திடலில் வந்து கூடும்படி பழக்கியிருக்கிறோம். சுடுகிறவன் இருக்கும்போது திறந்த வெளியில் 100 பேர் வரிசையாக நிற்பது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

விலகு, மறை, சொல்

அமெரிக்காவில் ஓடு, ஒளி, போராடு என்று சொல்லித் தருகிறார்கள். பிரிட்டிஷ் போலீஸ் ஓடு, ஒளி, சொல் என்கிறது. சொல் என்றால் போலீசுக்குச் சொல். இரண்டாவதுதான் நம்மைப் போன்ற இடத்துக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. போராடுவது வேறு வழியே இல்லாதபோது, அவன் அறைக்குள்ளேயே வந்துவிட்ட பிறகு, எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து, கையில் கிடைத்ததை எறிந்து செய்ய வேண்டியது. அதை முதல் பாடமாகச் சொல்லிக் கொடுத்தால் நம் தம்பிமார் சிலர் சிலம்பக் கம்பை எடுத்துக்கொண்டு எதிரே போய் நிற்பார்கள். விசில் அடிக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

முதலில் சத்தத்தை நம்பப் பழகுங்கள். காட்டோரத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்கு வெடி வைக்கிறவர்கள் உண்டு. தீபாவளி, சீனப் பெருநாள் என்றால் பட்டாசுக்குக் குறைவில்லை. அதனால் "பட்டாசா இருக்கும்" என்று நின்று பார்ப்போம். அந்த நிற்கும் நேரம்தான் போகிறது. வேலை நேரத்தில், ஆள் இருக்கும் இடத்தில், அடுத்தடுத்து வெடிச் சத்தம் என்றால் முதலில் விலகுங்கள். பட்டாசாக இருந்தால் திரும்பி வந்து சிரித்துக்கொள்ளலாம்.

தேயிலைக் காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம். கண்ணில் படாமல் மறைப்பது வேறு, குண்டைத் தடுப்பது வேறு. தேயிலைச் செடி இடுப்பளவு, அடர்த்தியானது, உட்கார்ந்தால் ஆள் தெரியாது. ஆனால் அதைக் குண்டு துளைத்துக்கொண்டு போய்விடும். குண்டைத் தடுப்பவை பாதையோரம் வெட்டிய மண்மேடு, சரிவைத் தாங்கக் கட்டிய சிமெண்டுச் சுவர், பெரிய பாறை, லாரியின் எஞ்சின் பக்கம். லாரியின் கதவு தடுக்காது. பழைய லயத்துப் பலகைச் சுவரும் தடுக்காது. ஆகவே செடிக்குள் பதுங்கினால் அங்கேயே தங்கிவிடாமல், பார்வை படாதபோது குனிந்தபடி மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். இரண்டு பேர் பிடித்து ஓட்டும் வெட்டு மிஷின் ஓடிக்கொண்டிருந்தால் எந்தச் சத்தமும் காதில் விழாது. அவர்களுக்குச் சொல்ல ஒரு கைச்சாடை வேண்டும்; இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்தால் மிஷினை நிறுத்திவிட்டு விலகு என்று பேசி வைத்துக்கொள்ளலாம்.

பெக்டரியிலும் இதே சங்கடம்தான். உருட்டும் மிஷினும் காய வைக்கும் அடுப்பும் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அதற்கு மின்னும் விளக்கு ஒன்று போதும், சிவப்போ ஆரஞ்சோ, தீ விளக்கின் நிறமாக இல்லாமல். தேயிலை வாட வைக்கும் தளம் மேலே இருக்கும் ஆலையில், இறங்க ஒரே படியா, இரண்டா என்று போய்ப் பாருங்கள். மிஷினின் அவசர நிறுத்து பட்டன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ஒரு அடி அடியுங்கள். இல்லையென்றால் விட்டுவிட்டு ஓடுங்கள். சாப்பாட்டுக் கூடை, பை, பர்ஸ், எதற்கும் திரும்பக் கூடாது.

வெளியே போக முடியாதவர்கள் அறைக்குள் பூட்டிக்கொள்ள வேண்டும். மேசை, அரிசி மூட்டை, தேயிலைச் சாக்கு, எது கனமோ அதைக் கதவுக்கு முட்டுக் கொடுங்கள். விளக்கை அணையுங்கள். கைப்பேசியின் அதிர்வையும் நிறுத்துங்கள், அமைதியான அறையில் அந்த ர்ர்ர் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும். கதவுக்கு நேரே யாரும் இருக்கக் கூடாது. ஆயாக்கொட்டகையில் இது இன்னும் சிரமம், ஏனென்றால் பிள்ளைகள் அழும். அங்கே இருக்கும் ஆயாவுக்குத் துணையாகப் பக்கத்து லயத்திலிருந்து ஓடிவந்து கைக்குழந்தைகளைத் தூக்க இரண்டு பேர் முன்பே குறித்து வைக்கப்பட வேண்டும். மற்றப் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். செய்தி கேட்டதும் காரை எடுத்துக்கொண்டு தமிழ்ப்பள்ளிக்கோ ஆயாக்கொட்டகைக்கோ பாய்ந்து வராதீர்கள். மனசு கேட்காதுதான். ஆனால் அந்த ஒற்றைப் பாதையில் பத்துக் கார் இறங்கினால் ஆம்புலன்ஸ் ஏற முடியாது.

999க்கு அழைக்கும்போது நம்மவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நாம் சொல்வது "கோயில் மேடு", "பழைய பத்தாம் நம்பர் லயம்", "ஜப்பான்காரன் பாலத்துக்கு அந்தாண்ட" என்ற மாதிரிப் பெயர்கள். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் எங்கோ தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவருடைய வரைபடத்தில் இந்தப் பெயர் எதுவும் இல்லை. தோட்டத்தின் பதிவுப் பெயர், பிரிவு, சாலை, எந்த வாசல் வழியாக ஏற வேண்டும், இவற்றை மலாயில் எழுதி ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் ஒட்டுங்கள். கைப்பேசியில் கிடைக்கும் இட எண்களையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு சொல்ல வேண்டியது: எத்தனை பேர், கையில் என்ன, எந்தப் பக்கம் போகிறான், எத்தனை பேருக்கு அடி. பேச முடியாத நிலை என்றால் இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திருங்கள். பள்ளத்தாக்கில் லைன் கிடைக்காத இடங்கள் எவை என்று உங்களுக்குத்தான் தெரியும். அந்த இடத்தில் வேலை செய்யும் கூட்டத்தில் ஒருவரிடமாவது வாக்கி டாக்கி இருக்க வேண்டும்.

போலீஸ் வந்த பிறகு கை இரண்டும் வெறுங்கையாக, விரல் விரித்து, அவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கைப்பேசி, டார்ச் லைட், கொழுந்து வெட்டும் கத்திரி, எதுவும் கையில் கூடாது. அவர்களை நோக்கி ஓடாதீர்கள். அடிபட்டவரைத் தாண்டி அவர்கள் போனால் கோபப்படாதீர்கள், சுடுகிறவனை நிறுத்துவதுதான் அவர்களின் முதல் வேலை.

அடிபட்டவரை அந்த நேரத்தில் காப்பாற்றுவது பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவரின் கைதான். தானா ராத்தா ஆஸ்பத்திரி வரை போக நேரம் ஆகும், ரத்தம் அதுவரை காத்திருக்காது. சுத்தமான துணியைக் காயத்தில் வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொன்று. கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டு அடித்தால் காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலமான பட்டையால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள்; டாக்டர் அவிழ்க்கும் வரை அவிழ்க்கக் கூடாது. மஞ்சள் தூள், காப்பித் தூள், புகையிலை, எதையும் காயத்தில் அப்பாதீர்கள். பாட்டி சொன்னாலும் வேண்டாம். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, கையால் செய்து பழக வேண்டும். மலேசியச் செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. பாராங் வெட்டு, மிஷின் விபத்து, ரோட்டு விபத்து, எல்லாவற்றுக்கும் உதவும் பயிற்சி இது.

மேனேஜரிடம் எப்படிப் பேசுவது

"இதையெல்லாம் கேட்டா நிர்வாகம் நம்மள வம்புக்காரன்னு நெனைக்கும்" என்று சிலர் தயங்குவீர்கள். சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், அதாவது சட்டம் 514, வேலையிடத்தில் அவசர நிலை வந்தால் என்ன செய்வது என்று முதலாளி நடைமுறை வகுத்திருக்க வேண்டும் என்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். ஆபத்துகளை முன்கூட்டியே மதிப்பிட வேண்டும். 40 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்புக் குழு வேண்டும் என்பது முன்பிருந்தே உள்ள விதி. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பினால், வேலையை விட்டு விலகிப் போக தொழிலாளிக்கு உரிமை உண்டு என்பதும் புதுத் திருத்தத்தில் வந்ததுதான். லயத்தில் இதைத் தெரிந்தவர்கள் குறைவு.

ஆனால் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குள் நுழைய வேண்டாம். முதலில் அந்த ஒருங்கிணைப்பாளர் யார் என்று கேட்டு, அவரிடம் போங்க. துப்பாக்கி என்று ஆரம்பித்தால் பயந்துவிடுவார். நிலச்சரிவு, தீ, வெளியாள் புகுந்து அடிதடி, இவை எல்லாவற்றுக்கும் ஒரே அறிவிப்பு முறையும் ஒரே ஆள் கணக்கும் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். கண்டக்டரையும் கிராணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுற்றுப்பயணிகள் வரும் தேயிலைக் கடையும் பார்வைக்கூடமும் உள்ள தோட்டம் என்றால் அங்கே கவுண்டரில் நிற்கும் பெண்களை மறக்காதீர்கள். ஊர் பேர் தெரியாத நூறு பேரை வெளியே அனுப்பும் பொறுப்பு அவர்கள் தலையில் விழும்.

பயிற்சி நடத்தும்போது பொம்மைத் துப்பாக்கி, பட்டாசுச் சத்தம், ரத்தச் சாயம், எதுவும் வேண்டாம். சில நாடுகளில் அப்படிச் செய்து பிள்ளைகளைத் தூங்கவிடாமல் பண்ணியிருக்கிறார்கள். பெரட்டு முடிந்து 20 நிமிடம் போதும். "இப்ப கேட் பக்கம் ஆபத்துன்னா நீங்க எங்க போவீங்க?" என்று ஒவ்வொரு கூட்டத்தையும் கேட்டு, அந்த வழியில் நடந்தே காட்டச் சொல்லுங்கள். பிறகு பெக்டரி பக்கம் ஆபத்து என்று மாற்றிக் கேளுங்கள். பிள்ளைகளுக்கு ஒளிந்து பிடிக்கும் ஆட்டம் தெரியும். ஆசிரியர் சொன்னால் சத்தமில்லாமல் மூலையில் உட்காருவது என்ற அளவுக்கு அவர்களுக்குச் சொன்னால் போதும். சம்பவத்தின் வீடியோ கிடைத்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்பதைப் பெரியவர்களுக்குத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இறந்தவரின் தாய் அதை முதலில் பார்க்கக் கூடும்.

இந்த மாதக் கிளை வேலை

கூட்டத்துக்கு வரும்போது உங்கள் தோட்டத்தின் வரைபடத்தைக் கையால் வரைந்து கொண்டுவாருங்கள். வாசல்கள், பெக்டரி, லயங்கள், கோயில், பள்ளி, ஆயாக்கொட்டகை, கைப்பேசி லைன் கிடைக்காத இடங்கள், சிமெண்டுச் சுவர் உள்ள அறைகள். இரண்டு பேர் கோயிலுக்குப் போய்ப் பின்வாசலைத் திறந்து பார்த்துவிட்டு வர வேண்டும். இரண்டு பேர் வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் கொங்சிக்குப் போய் அறிவிப்பு அட்டையை அவர்கள் மொழியில் எழுதி வாங்க வேண்டும். தங்கைகள் இருவர், 15999 எண்ணை எந்தெந்தப் பெண்கள் கழிவறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டலாம் என்று பார்த்து வாருங்கள். கணவன் கண்ணில் படாமல் ஒரு பெண் அதைப் படிக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

கூட்டத்தில் பேச வேண்டிய கேள்விகள் மூன்று. நம் தோட்டத்தில் இப்போது யாராவது மிரட்டலுக்குப் பயந்து வாழ்கிறாரா, பெயர் சொல்லாமல் எப்படி உதவலாம்? நடக்க முடியாத பெரியவர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள், அவர்களைத் தூக்கப் போவது யார்? ஆள் கணக்கெடுக்கும் பெயர்ப் பட்டியல் ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடந்தால், ஆபீசுக்குள் போக முடியாத அன்றைக்கு அதன் இன்னொரு பிரதி யாரிடம் இருக்கும்?